அழுத பையனுக்கா தண்டனை? மண்டபத் திரைப்பட மாலை குறித்துச் செயலவையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பொதுமண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் தாங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். மாதந்தோறும் நடைபெறும் திரைப்பட மாலையில் திகில் படங்களும் மாயாஜாலப் படங்களும் இனி இடம்பெறா என்றும், நகைச்சுவைப் படங்களும் குடும்பப் படங்களும் மட்டுமே திரையிடப்படும் என்றும், ‘மனத்திடம் குறைந்தவர்கள்’ படம் பார்க்க வருவதைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. தலைவரைக் கடைவீதியில் கண்டால் அண்ணன் என்று அழைத்துப் பேசிப் பழகியவள் நான். ஆயினும் அறிவிப்பு ஊருக்கே பொதுவாக ஒட்டப்பட்டிருப்பதால், அதற்கான மறுப்பும் பொதுவில் வைக்கப்படுவதே முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு மண்டபத்தில் எந்தப் படம் காட்டுவது என்பது இவ்வளவு பெரிய விஷயமா என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நம்மைப் போன்ற தோட்டத்து ஊர்களில் வாழ்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ரப்பர் பால்மரக் காடுகள் செம்பனைக்கு மாறின. லயத்து வீடுகள் உடைபட்டன. நாம் ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குக் குடிபெயர்ந்தோம். தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாளில் பாயும் தலையணையுமாகக் குடும்பம் குடும்பமாகப் போய் உட்கார்ந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நாம் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் உட்காருவது கோயில் திருவிழாவிலும் இந்தத் திரைப்பட மாலையிலும்தான். அதை நடத்துவதற்குத் தாங்கள் படும் பாட்டை நான் அறிவேன். ஒலிபெருக்கியை வேனில் ஏற்றி இறக்குவது முதல் கடைசி நாற்காலியை அடுக்குவது வரை ஊதியமில்லாமல் செய்கிறீர்கள். என் மறுப்பு அந்த உழைப்பைப் பற்றியதன்று. அறிவிப்பில் உள்ள முடிவையும், அதைவிட அந்த ஒரு சொற்றொடரையும் பற்றியது.

சென்ற மாதம் திரையிட்ட படத்தின் பெயரை இங்கு எழுதாமல் விடுகிறேன். எழுதினால் பேச்சு அந்தப் படம் நல்லதா கெட்டதா என்பதில் போய் முடியும். அது பேயும் மாயமும் கலந்த கதை. அன்று மண்டபத்தில் மூன்று பேர் கலங்கினார்கள். பாலர் பள்ளிக்குப் போகும் வயதுடைய பெண் குழந்தை ஒன்று, கிழவி ஒருத்தி ஓநாயாக மாறும் காட்சியில் வீறிட்டு அழுதது. சற்று நேரத்தில், எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் எதுவும் பேசாமல் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இறுதிக்குச் சற்று முன்னர், ஒரு தாய் தன் மகனை வேறோர் உலகத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவை உட்பக்கமாகத் தாழிடும் இடத்தில், இடைநிலைப்பள்ளி மாணவன் ஒருவன் விம்மி விம்மி அழுதான். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஒரு கைப்பேசியின் விளக்கு அவன் முகத்தின் மேல் விழுந்தது. மறுநாள் காலை பசியாறும் வேளைக்குள் அந்தக் காணொலி, குழந்தை அழும் ஒலி சேர்க்கப்பட்டு, நம் ஊர்ப் புலன (வாட்ஸ்அப்) குழுக்கள் அனைத்திலும் சுற்றிவந்துவிட்டது.

இந்த மூன்றையும் தங்கள் அறிவிப்பு ஒரே குறையாகக் கண்டு, அதற்கு மனத்திடமின்மை என்று பெயரும் சூட்டியிருக்கிறது. நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் கண்ணுக்கு அவை வெவ்வேறாகவே தெரிந்தன. அவற்றில் எதற்கும் படத்தைத் தடை செய்வது மருந்தாகாது.

முதலில் அந்தக் குழந்தை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜோன் கேன்டர் என்பவர், திரையில் கண்டு அஞ்சும் பிள்ளைகளைப் பற்றிப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். ஏறத்தாழ ஏழெட்டு வயது வரை பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்துக்கே அஞ்சுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வுகள் காட்டிய முக்கியமான செய்தி. தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் சாதுவான மனிதன் ஒருவன் பச்சை நிறப் பூத உடலாக மாறி மற்றவர்களைக் காப்பாற்றுவான். அவன் நல்லது செய்கிறான் என்பது பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது. சின்னஞ்சிறுவர்களுக்கோ அந்த உருமாற்றமே பெரும் அச்சத்தைத் தந்தது. மற்றோர் ஆய்வில், ‘இது உண்மையில்லை என்று நினைத்துக்கொள்’ என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்துச் சூனியக்காரி வரும் காட்சியைக் காட்டினார்கள். ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் உதவியது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அது பயன்படவில்லை. ஆகவே அன்று பக்கத்து நாற்காலிக்காரர் அந்தக் குழந்தையிடம் ‘படம்தானே, ஏன் அழுகிறாய்?’ என்று மும்முறை அதட்டியது வீண் வேலை. அந்த வயதுக்கு உதவுவது மடியும், ஒரு மிடறு தண்ணீரும், கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்றும்தான். பயந்த கோளாறு என்று சொல்லி, நம் பாட்டிமார் குழந்தையை மடியில் கிடத்தித் தலையில் கைவைத்துத் திருநீறு பூசித் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்களே, கேன்டர் கூறும் ஆறுதலுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

ஆனால் அந்தக் குழந்தை அந்தப் படத்துக்கு வந்திருக்கவே கூடாது. அதைத் தடுத்திருக்க வேண்டியவர்கள் பெற்றோர். பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்கள் தாங்கள். நம் நாட்டுத் தணிக்கை வாரியம் இப்பொழுது யு, பி12, 13, 16, 18 என்று ஐந்து நிலைகளாகப் படங்களைப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தச் சிறிய எண்ணைக்கூட நம் சுவரொட்டியில் காணவில்லை. முன்னொரு காலத்தில் 18எஸ்ஜி என்று ஒரு வகை இருந்தது தங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். திகிலும் வன்முறையும் உள்ள படம் என்று காரணத்தையும் சேர்த்தே அந்த எழுத்துகள் சொல்லின. பிறகு வந்தது வெறும் எண். அந்த எண் ஏன் கொடுக்கப்பட்டது என்பதை நாமே விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எண்ணும் காலத்துக்குக் காலம் மாறுவதுதான். 1937இல் வெளிவந்த ஸ்னோ ஒயிட் கார்ட்டூன் படத்தை, மறு ஆண்டு பிரிட்டனில் 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்க முடியாதபடி வகைப்படுத்தினார்கள். இன்று அது பிறந்தநாள் விருந்துகளில் ஓடுகிறது. எண் ஒரு தொடக்கம் மட்டுமே. அதற்கு மேல் ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது. ‘மனிதர் விலங்காக மாறும் காட்சிகள் உள்ளன, சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று’ என்று சுவரொட்டியின் அடியில் எழுதியிருந்தால், அந்தத் தாய் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார்.

இரண்டாவதாக அந்தப் பாட்டி. அவர் பேய்க்கு அஞ்சி எழுந்து போனார் என்று செயலவையில் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் எங்கள் வரிசை வீட்டில் இருப்பவர். மறுநாள் மாலை போய்ப் பார்த்தேன். பேயைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். இருட்டு கலையாத நேரத்தில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தனியாகப் பால் வெட்டப் போனவர் அவர். பேய்க்கெல்லாம் அப்போதே கணக்குத் தீர்த்துவிட்டதாகச் சொன்னார். அவர் எழுந்தது எந்த இடத்தில் என்பதை நானே நினைவுபடுத்திப் பார்த்தேன். கறுப்பு உடை அணிந்த அரச வீரர்கள் கிராமத்தாரை வீட்டை விட்டு வெளியே இழுத்து வரிசையில் நிறுத்தி, பெண்களின் கூடைகளைக் கவிழ்த்துச் சோதனை போடும் காட்சி அது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்காரர்களை ஒடுக்க அவசரகாலம் வந்தது; 1960 வரை அது நீங்கவில்லை. அதில் வளர்ந்த பிள்ளை அவர். தம் தாயார் வெட்டுக்குப் புறப்படும்போது கம்பி வேலி வாசலில் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும் என்பதையும், பிடிச் சோறு கூடுதலாக இருந்தாலும் அது காட்டிலிருப்பவர்களுக்கா என்று கேள்வி வரும் என்பதையும் அவர் விவரித்தார். அந்தச் சட்டியின் மூடி மண்ணில் விழுந்து உருண்டதை அவர் கையால் செய்து காட்டினார். படத்தில் கூடை கவிழ்ந்தபோது அவர் கண்டது அந்த மூடியைத்தான்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் தோன்றும் இடங்கள் நான்கு என்று வகுக்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்பதில் பேய் பிசாசு முதலான எல்லாம் அடங்கும். இறை என்பது ஆள்பவன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த நான்குக்கும் உரை தேவையில்லை. எல்லை முனியும் மோகினியும், காட்டோரத்துப் புலியும் பாம்பும், இரவில் லயத்துக்குள் நுழையும் திருடரும், பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் துரையும் நம் முன்னோரின் அச்சங்கள். அவற்றுள் நான்காவதே பெரிது என்று அந்தப் பாட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் எழுந்து போய்க் காட்டினார். தாங்களோ முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுப் பேய்ப்படத்தைத் தடை செய்கிறீர்கள். அடுத்த மாதம் ஒரு குடும்பப் படத்தில் காவலர்கள் கதவை உதைத்துத் திறந்தால் அவர் மறுபடியும் எழுந்துபோவார். அப்போது குடும்பப் படங்களையும் நிறுத்துவோமா?

மூன்றாவதாக அந்தப் பையன். இம்மடலை எழுதத் தூண்டியதே அவனுக்கு நேர்ந்ததுதான்.

அவன் ஏன் அழுதான் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை. அந்தக் காட்சி அமைந்த விதத்தைப் பற்றி மட்டும் சொல்ல முடியும். நீண்ட துரத்தல் ஒன்று முடிந்து, மூச்சு வாங்கவும் இடம் கொடாமல் அந்தப் பிரிவு வருகிறது. ஆபத்து என்று கண்ணும் காதும் சொன்னவுடன், அது படம் என்று அறிவு தீர்மானிப்பதற்குள், உடல் எழுந்து நின்றுவிடும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். துரத்தல் முடிந்தாலும் அந்தப் படபடப்பு உடனே அடங்கிவிடுவதில்லை. அது அடுத்து வரும் உணர்ச்சிக்குள் இறங்கி, அதைப் பன்மடங்காக்கிவிடும் என்று டால்ஃப் சில்மன் என்ற உளவியல் அறிஞர் 1970களில் விளக்கினார். அச்சத்துக்குப் பின் வருவது நிம்மதியானால் அரங்கமே கைதட்டும். வருவது துயரமானால் கண்ணீர் அணை உடைத்துக்கொண்டு வரும். திகிலையும் மாயத்தையும் சேர்த்துக் கதை சொல்லும் இயக்குநர்கள் இந்தத் தொழிலை நன்றாக அறிந்தவர்கள். அந்தப் பையனிடம் அந்தக் காட்சி செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. அவன் குறைந்த பார்வையாளன் அல்லன். அன்று மண்டபத்திலேயே முழுமையாகப் படம் பார்த்தவன் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

பின்வரிசையில் எழுந்த முதல் சிரிப்பையும் நான் குற்றம் சொல்லப்போவதில்லை. அதே படபடப்பு அவர்களிடமும் மிச்சமிருந்தது. அவர்களிடம் அது சிரிப்பாக வெளிப்பட்டது. ஆனால் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, விளக்கைப் போட்டு, ஒருவன் முகத்தைப் பிடித்து, வீட்டுக்குப் போன பிறகு அதனோடு ஒலி சேர்த்து, ஊர் முழுவதற்கும் அனுப்புவது படபடப்பில் நடப்பதில்லை. அதற்கு நேரம் வேண்டும், நிதானம் வேண்டும். செயலவையின் அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அழுத பையன் ‘மனத்திடம் குறைந்தவன்’ ஆனான். படம் தடை செய்யப்பட்டது. கைப்பேசிக்காரர் அடுத்த மாத நகைச்சுவைப் படத்துக்கு முதல் வரிசையில் வந்து உட்காரலாம்.

ஆண்பிள்ளை அழலாமா என்ற கேள்வி இதற்குப் பின்னால் இருப்பதை நாம் எல்லாரும் அறிவோம். 1986இல் சில்மனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் இளம் ஆண்களையும் பெண்களையும் இணை இணையாக உட்காரவைத்துத் திகில் படக் காட்சியைக் காட்டினார்கள். இணையில் ஒருவர், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லிவைக்கப்பட்டவர். பக்கத்தில் இருந்த பெண் அஞ்சி நடுங்கினால் ஆண்கள் படத்தை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த ஆண் அசையாமல் இருந்தால் பெண்கள் அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். படம் ஒன்றுதான். ரசனையை ஏற்றியதும் இறக்கியதும் பக்கத்து நாற்காலி. யார் நடுங்கலாம், யார் நடுங்கக் கூடாது என்று அங்கும் ஊர் முன்பே எழுதிவைத்திருக்கிறது. நம் மண்டபத்தில் அந்தப் பையன் மீறியது அந்த எழுதாச் சட்டத்தைத்தான். இனி அவன் வரமாட்டான் என்று அவன் அக்காள் என்னிடம் சொன்னாள். வந்தாலும் இனி அவன் திரையைப் பார்க்கமாட்டான், பின்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான் என்பது என் எண்ணம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, சிரித்துவிட்டுப் போகும் படங்களே போதாதா என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதிலைச் சொல்கிறேன். நான் செம்பனை ஆலையில் லாரிகளின் எடையைப் பதிவு செய்யும் எழுத்தர். நாள் முழுவதும் எண்கள். வீட்டுக்கு வந்தால் நான் விரும்பிப் பார்ப்பவை பேய்ப்படங்களும் மாயக்கதைகளும்தான். சில படங்களைப் பார்த்த இரவில் குளியலறை விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அமெரிக்காவில் இரு பல்கலைக்கழக மாணவர்களிடையே நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சிறுவயதில் பார்த்த ஏதோ ஒரு படமோ நிகழ்ச்சியோ தங்களை நெடுநாள் அச்சுறுத்தியது என்று ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கூறினார்கள். நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் அந்தக் கலக்கம் இன்னும் முற்றாகத் தீரவில்லை என்றும் கூறினார்கள். செயலவை உறுப்பினர்களும் தங்களுக்குள் மனம்விட்டுப் பேசிப் பார்த்தால் இதே கணக்கு வரக்கூடும்.

மெக்சிகோ இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோவின் ‘பான்ஸ் லாபிரிந்த்’ 2006இல் வெளிவந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின், 1944ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடக்கும் கதை. விழிகளை உள்ளங்கைகளில் பதித்துக்கொண்டு ஒரு சிறுமியைத் துரத்தும் கோர உருவம் ஒன்று அதில் வருகிறது. அதை நான் நாற்காலி நுனியில் அமர்ந்து மிகுந்த மகிழ்ச்சியோடு அஞ்சினேன். ஆனால் சிறுமியின் மாற்றாந்தந்தையான இராணுவக் கேப்டன், காட்டில் பிடிபட்ட ஓர் ஏழை வேட்டைக்காரனைப் புரட்சிக்காரன் என்று ஐயுற்று, தகப்பன் கண் முன்னாலேயே போத்தலால் முகத்தைச் சிதைத்துக் கொல்லும் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டேன். முயல் வேட்டைக்குத்தான் வந்தோம் என்று அவர்கள் சொன்னது மெய். பிறகு பையைத் துழாவினால் உள்ளே முயல்தான் இருக்கிறது. எழுந்துபோய்ச் சட்டிப்பானை கழுவினேன், கழுவிக்கொண்டே அழுதேன், பிறகு திரும்பி வந்து மீதியைப் பார்த்தேன். மாயக்கதை சொல்லத் தொடங்கி என் மனத்தை இளக்கிவைத்த பிறகே அந்தக் கேப்டனின் கொடுமையைக் காட்டினார்கள். நேரடியாக ஒரு போர்ப்படம் பார்த்திருந்தால், பத்தோடு பதினொன்று என்று கடந்திருப்பேன். மாயக்கதை செய்யும் இந்த வேலையை நகைச்சுவைப் படம் செய்யாது. அந்தப் பாட்டி தூக்குச்சட்டியின் மூடியைப் பற்றி எழுபது ஆண்டுகளுக்குப் பின் வாய்திறந்ததும் ஒரு மாயாஜாலப் படத்தால்தான்.

அளவு ஒன்று இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. டென்மார்க்கின் ஆஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயமுறுத்துவதற்காகவே அமைத்த பேய்வீடு ஒன்றுக்குள் செல்பவர்களின் இதயத்துடிப்பைப் பதிவு செய்து 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அச்சம் மிகக் குறைந்தால் சுவையில்லை, மிக மிகுந்தாலும் சுவையில்லை, இடைப்பட்ட நிலையில்தான் இன்பம் உச்சத்துக்குப் போகிறது என்று அதில் தெரியவந்தது. சமையலில் உப்பைப் போல என்று நம் வீட்டுப் பெண்கள் ஆய்வில்லாமலேயே சொல்லியிருப்பார்கள். அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஆளுக்கும் துக்கமுள்ள மாதத்தில் ஒன்றாகவும் மற்ற மாதத்தில் வேறாகவும் இருக்கும். அதைச் செயலவை தீர்மானம் போட்டு அறிய முடியாது. அவரவர் அறிவார். அவரவர் அறிந்து முடிவெடுக்க வழி செய்வதே செயலவையின் வேலை.

இத்தகைய படங்கள் நம் பண்பாட்டுக்குப் புறம்பானவை என்று கூட்டத்தில் ஒருவர் பேசினாராம். பரணி பாடிய மொழி நம்முடையது. செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்களைக் கூட்டிவைத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைக்க வைக்கிறார். அது அச்சமும் நகைப்பும் அருவருப்பும் ஒருங்கே எழும் விருந்து. இந்த நாட்டைப் பற்றிப் பேசினால், நாம் சுதந்திரம் பெற்ற அதே 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனம் மரியா மெனாடோவை வைத்து எடுத்த ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் பி. என். ராவ்; அதற்கு முன் தமிழிலும் படம் இயக்கியவர். மலாய்த் திரையின் புகழ்பெற்ற பேய் நம் பக்கத்துக் கைகளிலும் வளர்ந்ததுதான். வாழைத் தோப்பின் அருகில் இரவில் போகாதே என்று மலாய்க்காரத் தோழியின் பாட்டி சொன்னதும், புளியமரத்தடியில் நிற்காதே என்று என் பாட்டி சொன்னதும் எனக்கு ஒரே பாடமாகவே பதிந்தன.

இன்னொன்று. அந்தக் குழந்தைக்கும் பையனுக்கும் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும் என்று செயலவையின் பெரியவர் ஒருவர் வீட்டாரிடம் சொன்னதாக அறிகிறேன். கயிற்றின் மேல் எனக்கு வழக்கில்லை. முனீஸ்வரர் சந்நிதியில் நின்றால் என் மனமும் அமைதியடைகிறது. ஆனால் ‘உன்மேல் ஏதோ ஏறியிருக்கிறது’ என்று ஒரு பதின்ம வயதுப் பிள்ளையிடம் சொல்வது, படத்தின் பேயை வீட்டுக்கு அழைத்துவந்து விடுவதாகும். அவன் அழுதது ஒரு தாயையும் மகனையும் பார்த்து. அதில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் எதுவுமில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்து, வாரக்கணக்கில் அது நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி எதுவும் நிகழவில்லை. அவன் பள்ளிக்குப் போகிறான். கேலி செய்பவர்களைத் தவிர்ப்பதற்காகச் சுற்று வழியில் போகிறான்.

ஆகவே, அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டுகிறேன். முழுவதையும் உடனே மாற்ற இயலாவிட்டால், ‘மனத்திடம் குறைந்தவர்கள்’ என்ற சொற்றொடரையாவது இந்த வாரமே கறுப்பு மை கொண்டு அடித்துவிடுங்கள். திகில் படங்களும் மாயாஜாலப் படங்களும் வழக்கம்போல் தொடரட்டும். சுவரொட்டியில் தணிக்கை எண்ணோடு, அந்தப் படத்தில் உள்ளது என்ன என்பதையும் இரண்டு வரிகளில் எழுதுங்கள். கதையின் முடிச்சை அவிழ்க்காமலே எழுத முடியும். பக்கவாட்டுக் கதவைப் பூட்டாமல் வைத்து, வெளியே திண்ணையில் ஒரு விளக்கும் நான்கு நாற்காலிகளும் போட்டால், எழுந்து போகிறவர் தெருவைக் கடந்து வீட்டுக்குப் போகாமல் அங்கேயே சற்று உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வரலாம். படம் முடிந்ததும் விளக்குகளைப் பளிச்சென்று போட்டு நாற்காலிகளை இழுக்கத் தொடங்காமல், தேநீர் கொடுங்கள், பேசுகிறவர்கள் பேசட்டும். படம் ஓடும்போது மற்றவரைப் படம் பிடிப்பவர் வெளியேற்றப்படுவார் என்பதைத் தொடக்கத்திலேயே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். இவற்றுள் பணம் செலவாகக்கூடியது தேநீர் மட்டுமே. ஆளுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) உண்டியலில் போட்டால் அதுவும் ஈடாகிவிடும்.

காணொலியை எடுத்தவர் யார் என்பது தங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் பெயரை ஊரறியச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. அப்படிச் செய்தால் அவர் அந்தப் பையனுக்குச் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். செயலாளர் அவரை வீட்டில் சந்தித்து, குழுக்களிலிருந்து அந்தக் காணொலியை நீக்கச் சொல்லி, பையனிடம் நேரில் போய் ஒரு வார்த்தை பேசவும் செய்தால் போதும். அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இம்மடலைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் வந்து விளக்கவும் செய்வேன். சுவரொட்டிக் குறிப்புகளை யார் எழுதுவது என்ற தயக்கம் இருந்தால், நானே எழுதித் தருகிறேன்; படத்தின் பெயரைத் திரையிடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் போதும், இரவே பார்த்துவிட்டு மறுநாள் கொண்டுவந்து கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்,
மூன்றாம் வரிசையில் வழக்கமாக உட்காருபவள்